ஹோண்டா என்எஸ்எக்ஸா, போர்ஷே 993-ஆ? வாங்கும் முன் இப்படிப் பாருங்கள்

சித்தப்பா மகன் துபாயில் இருக்கிறான். நெல்லையப்பர் ஆனித் தேருக்கு ஊருக்கு வந்தவன், போனில் இரண்டு வண்டிப் படங்களைக் காட்டி, "அண்ணே, இதுல எத வாங்கட்டும்?" என்றான். ஒன்று ஜப்பானின் ஹோண்டா என்எஸ்எக்ஸ், 1990-இல் வந்த முதல் தலைமுறை. மற்றது ஜெர்மனியின் போர்ஷே 911, அதிலும் 993, அதாவது காற்றிலேயே குளிரும் இன்ஜினோடு வந்த கடைசி 911. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குதிரைத்திறனை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். என்எஸ்எக்ஸில் 3 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர் வி வடிவில் அமைந்த இன்ஜின்), 993-இல் 3.6 லிட்டர், ஆரம்ப வருட வண்டிகளில் இரண்டும் 270-ஐ ஒட்டித்தான். முப்பது வருடத்தை அந்த வண்டி எப்படிக் கடந்திருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் பாடி. நம்மூர் டிங்கரிங் பட்டறையில் பழைய அம்பாசடரைப் பார்க்க வருகிறவர் என்ன செய்வார்? சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவடியிலும் சக்கர வளைவிலும் மெதுவாக நகர்த்துவார், பள்ளத்தை அடைக்கப் பட்டி தடிப்பாகப் போட்ட இடத்தில் காந்தம் பிடிக்காமல் வழுக்கிவிடும். 993 இரும்புத் தகடு, அங்கே இந்த வித்தை அப்படியே செல்லும். கூடவே முன் கண்ணாடி ரப்பர் ஓரத்தில் பெயின்ட் உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், துரு அங்கேதான் கிளம்பும். என்எஸ்எக்ஸில் காந்தம் எங்கேயும் ஒட்டாது, பாடி முழுக்க அலுமினியம். அதற்கு அலுமினியத்தின் மேலும் பெயின்ட் தடிப்பை அளக்கிற மீட்டர் வேண்டும். ஒரு கதவில் வருகிற எண் பக்கத்துப் பேனலில் இரண்டு மடங்கானால் அங்கே கை வைத்திருக்கிறார்கள். அலுமினியத்தை நிமிர்த்துவதும் வெல்டிங் வைப்பதும் எல்லாப் பட்டறையிலும் நடக்காது, ஆகவே அடிபட்ட என்எஸ்எக்ஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்து இன்ஜின். என்எஸ்எக்ஸில் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற ரப்பர் பட்டை. வண்டி சும்மா நின்றாலும் ரப்பருக்கு வயதாகும், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அதனால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு வாய்ச்சொல் போதாது, பில் கேளுங்கள். 1991, 92 தொடக்க வண்டிகளில், கையால் கியர் போடுகிறவற்றில், ஒரு தொகுதிக்கு கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஸ்நாப் ரிங் (உள் பாகத்தை இடம் நகராமல் பிடிக்கும் வளையம்) உடையும் குறை உண்டு, கியர்பாக்ஸ் நம்பரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

993-இல் டைமிங் பெல்ட் கிடையாது, அந்த வேலைக்குச் செயின். ஆனால் ஆயில் பார்ப்பதில் பலர் தப்புச் செய்கிறார்கள். வண்டியை நன்றாகச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆறிய இன்ஜினில் பார்த்து "கம்மியா இருக்கு" என்று ஊற்றினால் அளவு மீறிப்போகும். விற்கிறவரையே அளந்து காட்டச் சொல்லுங்கள், அவர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, எது? வாரம் தவறாமல் ஓட்டப் போகிறவருக்கு என்எஸ்எக்ஸ்தான் என்பேன். ஏசி போட்டு ஊர் சுற்றலாம், கண்ணாடி வழியே எல்லாம் தெளிவாகத் தெரியும். இன்ஜின் சத்தத்துக்காகவே ஆசைப்படுகிறவர், ஆயில் கசிவைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்கிறவர் 993 எடுக்கலாம்.

தம்பி என்எஸ்எக்ஸ் பக்கம்தான் சாய்ந்தான். போன வாரம் ஒரு சிவப்பு வண்டியைப் பார்த்துவிட்டு வீடியோ அனுப்பினான், பின் பக்கப் பேனலில் மீட்டர் எண் சட்டென்று ஏறியது. விட்டுவிட்டான். இந்தச் சனிக்கிழமை இன்னொன்று பார்க்கப் போகிறான், பெல்ட் மாற்றிய பில்லை முதலிலேயே போனில் வாங்கிவிட்டான்.