கேட்டுப் பார்த்து ஒலிக்கருவியை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்ப்ளிஃபயரை (சுருக்கமாக ஆம்ப்) மாற்றிய கையோடு "குரல் தெளிந்துவிட்டது, பேஸ் (அடித்தொனி) இறுகிவிட்டது" என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்கிறது. அந்த மாற்றம் ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒலியில் இருந்ததா, புதுப் பெட்டியைப் பார்த்த மனம் சேர்த்ததா என்பதுதான் கேள்வி.

ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒலிக்கருவித் தயாரிப்பு நிறுவனமான ஹார்மனில் நடத்திய சோதனை ஒன்று 1994-இல் வெளியானது. 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள். ஒருமுறை திரைக்குப் பின்னால், ஒருமுறை கண்ணெதிரே. கண்ணெதிரே இருந்தபோது பெரிய, விலையுயர்ந்த ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது. சிறிய மலிவான செட்டுக்கு இறங்கியது. திரை வந்ததும் இடைவெளி சுருங்கியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றியபோதும் பாடலை மாற்றியபோதும் ஒலி நிஜமாகவே மாறுகிறது. திரை இருந்தபோது கேட்பவர்கள் அதை உணர்ந்து மதிப்பெண்ணை மாற்றினார்கள். கண்ணெதிரே இருந்தபோது அந்த உணர்வு மழுங்கிவிட்டது. அதாவது, நமது கண், இல்லாத வித்தியாசத்தைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை, இருக்கிற வித்தியாசத்தையும் மறைக்கிறது.

இதை வைத்து "காதால் எடைபோடுவதே வீண்" என்று முடிவுகட்டுவது தவறு. திரைக்குப் பின்னால் நுட்பமாகத் தீர்ப்பு சொன்னதும் அதே காதுகள்தான். பழுது, ஒப்பிடும் முறையில் இருக்கிறது. அது எங்கெங்கே பழுதாகிறது என்று பார்ப்போம்.

"எனக்கு அனுபவம் இருக்கிறது, நான் ஏமாற மாட்டேன்"

மெக்கர்க் விளைவு 1976-இல் பதிவானது. "பா" என்ற ஒலியை ஓடவிட்டு, "கா" என்று உச்சரிக்கும் வாயைக் காட்டினால் பெரும்பாலோருக்கு "டா" என்று கேட்கிறது. இது எப்படி நடக்கிறது என்று முழுதும் தெரிந்தவர் பார்த்தாலும் "டா"தான் கேட்கும். கண்ணை மூடினால்தான் "பா" திரும்பும். கண்ணும் காதும் மனதுக்குள் கலப்பது நமது சம்மதத்தைக் கேட்டு நடப்பதில்லை. ஆகவே சாய்வு (எதிர்பார்ப்பால் தீர்ப்பு ஒருபக்கம் சாய்வது) இருப்பதை அறிந்திருப்பதோ நேர்மையோ நீண்ட அனுபவமோ இதற்கு மருந்தாகாது. எது ஓடுகிறது என்ற தகவலைக் கேட்பவரிடமிருந்து பறிப்பது ஒன்றே வழி.

வயலின்களிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான ஆய்வில், 21 வயலின் கலைஞர்கள் மூன்று பழைய வயலின்களையும் (புகழ்பெற்ற இத்தாலியக் கைவினைஞர்கள் செய்த இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்நேரி) மூன்று புதிய வயலின்களையும் மங்கலான அறையில், வெல்டர் கண்ணாடி அணிந்து வாசித்தார்கள். பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுக்காதபடி மோவாய்க்கட்டையில் வாசனைத் திரவியமும் தடவப்பட்டது. எது பழையது என்று பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. அதிகம் விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். கண்ணை மட்டும் மறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் அந்த வாசனைத் திரவியத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒலி அளவைச் சமன் செய்யாமல் ஒப்பிடுவது

வீட்டில் நடக்கும் ஒப்பீடுகளில் மிக அதிகமாகக் கெடுவது இங்கேதான். திரை போட்டாலும் இந்தத் தவறு போகாது, ஏனென்றால் இது மனதின் வேலையல்ல. ஒலியிலேயே இருக்கும் நிஜ வித்தியாசம். 2 வோல்ட் தரும் ஒரு டிஏசியையும் (டிஜிட்டல் பதிவை மின் சிக்னலாக மாற்றும் கருவி) 2.2 வோல்ட் தரும் இன்னொன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டால் இடையில் சுமார் 0.8 டெசிபல் வித்தியாசம் இருக்கும். இவ்வளவு சிறிய வித்தியாசம் "சத்தம் கூடியது" என்று தோன்றாது. "விவரம் கூடியது", "மேடை விரிந்தது", "உயிர் வந்தது" என்று தோன்றும். போதாததற்கு, ஒலி அளவு உயரும்போது பேஸ் நமது காதுக்கு மற்ற பகுதிகளைவிட வேகமாக உயர்கிறது. எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை வகுக்கும் ஐஎஸ்ஓ 226 தரநிலையின் வளைவுகள் காட்டுவது இதைத்தான். ஆகவே சற்றுச் சத்தமான கருவிக்கு "முழுமையான பேஸ்" என்ற பெயரும் கிடைத்துவிடும்.

காதால் சமன் செய்ய முடியாது. ஆம்ப், டிஏசி, கேபிள் போன்றவற்றுக்கு 0.1 டெசிபலுக்குள் கொண்டுவர வேண்டும். மின்னழுத்தத்தில் அது ஏறத்தாழ 1.2 சதவீதம். செய்முறை இது:

1. 300 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை (ஒரே அதிர்வெண் மட்டுமே உள்ள ஒலி) மெதுவான அளவில் ஓடவிடுங்கள். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம்; விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பலவற்றுக்கு ஏசி துல்லியம் 400 ஹெர்ட்ஸ் வரைதான் உறுதி.
2. ஸ்பீக்கர் இணைப்பில் இருக்கும்போதே, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டை அளங்கள். முதல் கருவியில் 1.000 வோல்ட் வரும்படி ஒலியை வையுங்கள்.
3. இரண்டாவது கருவியில் 0.988-க்கும் 1.012-க்கும் இடையில் வர வேண்டும். இரண்டையும் ஒரே மீட்டரால் அளந்தால், மீட்டரின் சொந்தப் பிழை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும், கவலையில்லை.
4. இடது, வலது இரண்டு சேனலையும் தனித்தனியே பாருங்கள்.
5. பிறகு 100, 1000, 10000 ஹெர்ட்ஸிலும் இதே ஒப்பீட்டைச் செய்யுங்கள். இங்கே தேவை இரண்டு கருவிகளுக்கும் இடையிலான ஒப்பீடுதான், துல்லியமான வோல்ட் அல்ல.

ஐந்தாவது படியைத் தவிர்க்காதீர்கள். வால்வ் ஆம்ப் போல வெளியீட்டு மின்தடை அதிகமுள்ள கருவி, ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) மாறும் அதிர்வெண்களிலெல்லாம் தன் அளவை மாற்றும். வெளியீட்டில் 2 ஓம் இருந்து, ஸ்பீக்கர் ஓர் அதிர்வெண்ணில் 4 ஓமாகவும் இன்னொன்றில் 20 ஓமாகவும் இருந்தால், அந்த இரண்டு அதிர்வெண்களுக்கும் இடையே 2.7 டெசிபல் வித்தியாசம் விழுகிறது. இது கற்பனை அல்ல, காதுக்கே எட்டும். அப்படிப்பட்ட ஆம்ப் "வேறு மாதிரிக் கேட்கிறது" என்று சொன்னவரைச் சாய்வு என்று ஒதுக்குவதும் தவறுதான்.

ஆம்ப்பின் வால்யூம் 0.5 அல்லது 1 டெசிபல் படிகளில் நகர்ந்தால் 0.1-க்குள் வராது. அப்போது பிளேயர் மென்பொருளில், சத்தம் கூடிய கருவிக்கான ஒலியைச் சிறு படிகளில் குறையுங்கள். அளக்கும்போது மீட்டர் முனைகள் ஒன்றையொன்று தொட்டு ஆம்ப்பை ஷார்ட் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் முறையில் இயங்கும் ஆம்ப்பில் இரண்டு ஸ்பீக்கர் முனைகளிலும் சிக்னல் இருக்கும். இரண்டு ஆம்ப்புக்கும் எதிர்முனையைப் பொதுவாக வைத்திருக்கும் சுவிட்ச் பெட்டியில் அதைக் கோத்தால் ஆம்ப் எரியலாம். இரண்டு கம்பிகளையும் சேர்த்து மாற்றும் சுவிட்ச்தான் பாதுகாப்பானது. வால்வ் ஆம்ப்பை ஓடும்போது ஸ்பீக்கர் இல்லாமல் விடக்கூடாது.

கேபிளைக் கழற்றி மாட்டும் இடைவெளி

நுண்ணிய ஒலி விவரங்கள் மனதில் சில விநாடிகளே தங்குகின்றன. இரண்டு நிமிடம் கேபிள் மாற்றிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தால், முன்பு கேட்ட ஒலியோடு அல்ல, அதைப் பற்றி நீங்களே சொல்லிக்கொண்ட சொற்களோடுதான் ஒப்பிடுகிறீர்கள். உடனே மாறும் சுவிட்ச் வேண்டும். ஒப்பிடும் பாடல் பகுதி 10 முதல் 20 விநாடி நீளம் போதும். அதே பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஒலியின் தொனி வேறுபாட்டைப் பிடிக்க, பிடித்த பாடலைவிடப் பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த சீரான இரைச்சல்) கூர்மையானது. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

உதவியாளர் காட்டிக்கொடுப்பது

மாற்றுபவருக்கு எது ஓடுகிறது என்று தெரிந்து, அவர் அதே அறையில் நின்றால், அவர் மூச்சும் நடையும் தகவல்தான். அவர் பார்வைக்கு வெளியே, பேசாமல் இருக்க வேண்டும். வரிசையை அவர் மனம்போலத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மனிதர்கள் ஒரே கருவியை நான்கு முறை தொடர்ந்து வைக்கத் தயங்குவார்கள், கேட்பவர் அதைக் கணித்துவிடுவார். முன்கூட்டியே நாணயம் சுண்டி எழுதிவைத்த வரிசையே சரி. கருவி மாறாத முறையிலும் கழற்றி மாட்டும் சத்தமும் நேரமும் ஒன்றாகவே இருக்கட்டும். சுவிட்ச் பெட்டியின் ரிலே "டிக்" என்பது, ஒரு கருவியில் மட்டும் வரும் லேசான இரைச்சல், பச்சை விளக்கின் பிரதிபலிப்பு: இவை எல்லாமே விடையைச் சொல்லிவிடும்.

பலர் சேர்ந்து கேட்டால், எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் பேசியவரின் கருத்து மற்றவர்கள் காதில் ஏறிவிடும்.

எண்ணிக்கையில் ஏமாறுவது

ஏபிஎக்ஸ் சோதனையில் ஏ, பி என்பவை இரண்டு கருவிகள்; மறைத்து ஓட்டப்படும் எக்ஸ் என்பது ஏ-வா பி-யா என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதி சரியாக வரும். பத்தில் எட்டு சரி என்றால் பலருக்கு வெற்றியாகத் தோன்றுகிறது. வெறும் யூகத்திலேயே எட்டோ அதற்கு மேலோ வருவது 5.5 சதவீத வாய்ப்பில் நிகழும். 20 பேர் ஆளுக்குப் பத்து முறை யூகித்தால், அவர்களில் ஒருவராவது எட்டு அல்லது அதற்கு மேல் எடுக்கும் வாய்ப்பு சுமார் 68 சதவீதம். அந்த ஒருவரை மட்டும் பிடித்துவைத்து "தங்கக் காது" என்று பட்டம் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. அவரை மறுபடி உட்கார வைத்துப் புதிதாகச் சோதிப்பதே முறை.

எத்தனை முறை என்பதைத் தொடங்கும் முன் முடிவுசெய்து எழுதிவிடுங்கள். "இப்போது நன்றாக வருகிறது, இதோடு நிறுத்தலாம்" என்று நிறுத்தினால் கணக்கு செல்லாது. 16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரி என்பது யூகத்தால் வர 3.8 சதவீத வாய்ப்பே உள்ளது. பொதுவாக அதை ஏற்கலாம்.

"வித்தியாசம் தெரியவில்லை" என்பதை "வித்தியாசமே இல்லை" என்று படிப்பது

எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்கும் பிளைண்ட் டெஸ்டை ஆதரிப்பவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. ஒருவருக்கு ஒரு வித்தியாசம் நிஜமாகவே கேட்கிறது, பத்தில் ஏழு முறை சரியாகச் சொல்லும் அளவுக்கு என்று வைத்துக்கொள்வோம். 16 முறைச் சோதனையில் 12 எடுக்க அவருக்கு உள்ள வாய்ப்பு 45 சதவீதம்தான். அதாவது கேட்கும் திறன் இருந்தும் பாதிக்கு மேல் தோற்பார். 40 முறை வைத்து 26-ஐ எல்லையாகக் கொண்டால் அவர் தேறும் வாய்ப்பு சுமார் 80 சதவீதமாக உயர்கிறது. சிறிய வித்தியாசங்களைத் தேடும்போது குறைவான முறைகளில் தோற்றதை வைத்து யாரையும் மடக்கக் கூடாது.

2007-இல் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில், சிடியைவிட உயர் தெளிவுள்ள பதிவை சிடி தரத்தின் வழியே செலுத்தினால் வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார்கள். 554 முறையில் 276 சரி, அப்பட்டமான யூக அளவு. பின்னர் 2016-இல் ரைஸ் என்பவர் 18 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது ஒட்டுமொத்தமாக 52.3 சதவீதம் சரி என்று வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் 60 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தது. வித்தியாசம் மிகச் சிறியது, ஆனால் பூஜ்ஜியம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு சோதனையின் தோல்வி அந்தப் பதிவுகள், அந்த அறை, அந்தக் கேட்பவர்கள் பற்றியது மட்டுமே.

சாய்வு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். "எல்லா ஆம்ப்பும் ஒன்றுதான்" என்று நம்புபவர் கவனமாகக் கேட்க மாட்டார், ஏதோ ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே போவார். திரை அவரிடமிருந்து காப்பாற்றாது. அதனால்தான் ஒவ்வொரு சோதனையிலும் விடை தெரிந்த ஒரு வித்தியாசத்தையும் கலக்க வேண்டும்: ஒரு கருவியை 1 டெசிபல் உயர்த்துவது, அல்லது ஈக்வலைசரில் 3000 ஹெர்ட்ஸை 2 டெசிபல் ஏற்றுவது. கேட்பவர் அதையே பிடிக்கவில்லை என்றால் மற்ற முடிவுகளைத் தூக்கி எறியுங்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) ஒலித்தர மதிப்பீட்டுக்கான பிஎஸ்.1534 தரநிலையில், அசலையே பெயர் சொல்லாமல் உள்ளே மறைத்துவைப்பதும் 3500 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிய பதிவைச் சேர்ப்பதும் இதே நோக்கத்துக்குத்தான்.

சோதனையின் பதற்றம் காதைக் கெடுக்கிறது என்ற வாதத்தை மதிக்கலாம். ஆனால் வேகமாகச் செய்ய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கருவியைத் துணியால் மூடி, ஒரு வாரம் ஒன்று என வீட்டிலேயே நிதானமாகக் கேட்டு விடையை எழுதலாம். எது ஓடுகிறது என்று தெரியாமலிருப்பது மட்டுமே நிபந்தனை.

கோப்புகளை ஒப்பிடும்போது

கணினியில் பாட்டு ஓட்டும் ஃபூபார்2000 மென்பொருளுக்கு ஏபிஎக்ஸ் செருகி இருக்கிறது, தனியாளாகவே டபுள் பிளைண்ட் (நடத்துபவருக்கும் விடை தெரியாத சோதனை) செய்யலாம். ஆனால் எம்பி3 குறியாக்கம் தொடக்கத்தில் சிறிது மௌனத்தைச் சேர்க்கிறது. அதைச் சரிசெய்யாவிட்டால் மாற்றும்போது தாளம் லேசாகத் துள்ளும். ஒலித்தரத்தை அல்ல, அந்தத் துள்ளலைத்தான் பிடிக்கிறீர்கள். இரண்டையும் டபிள்யூஏவி (சுருக்காத கோப்பு) ஆக்கி, தொடக்கத்தைச் சாம்பிள் துல்லியத்தில் பொருத்தி, ஒலி அளவைச் சமன் செய்யுங்கள். வேறு மாஸ்டரிங்கில் (வெளியிடும் முன் செய்யும் இறுதி ஒலிச்சீரமைப்பு) வந்த பதிப்புகளை வைத்து ஃபார்மட்டுகளை ஒப்பிடவே கூடாது.

ஸ்பீக்கரும் ஹெட்ஃபோனும்

இவற்றில் வித்தியாசம் இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல, நிச்சயம் இருக்கும். எது பிடிக்கிறது என்பதே கேள்வி. ஆகவே ஏபிஎக்ஸ் வேண்டாம், மறைத்துவைத்து மதிப்பெண் போடுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பேஸில் பாதி அறையின் தீர்ப்பாகிவிடும். ஹார்மன் சோதனைக்கூடத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அதே இடத்துக்கு நகர்த்திவரும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். வீட்டில் தரையில் டேப் ஒட்டி அதே இடத்தில் மாற்றிவைக்கலாம். நேரம் பிடிக்கும் என்பதால் நுண்ணிய வித்தியாசங்களை எதிர்பார்க்காதீர்கள். அளவைப் பிங்க் நாய்ஸில், தலை இருக்கும் இடத்தில் மைக் வைத்துச் சமன் செய்யுங்கள். ஹெட்ஃபோனைப் பிளைண்டாகச் சோதிப்பது கடினம், எடையும் பிடிமானமும் தொட்டதுமே தெரிந்துவிடும். குஷன் காதோடு பொருந்தும் விதம் சற்று மாறினாலே பேஸ் மாறும். ஒவ்வொன்றையும் மூன்று நான்கு முறை கழற்றிப் போட்டுக் கேட்டு, பிறகு மதிப்பெண் எழுதுங்கள்.

புதுக் கருவியைப் பற்றி "நூறு மணி நேரம் ஓடியதும் ஒலி திறந்துகொண்டது" என்று சொல்லும்போது பழகியது கருவியா, கேட்பவரா? ஒரே மாடலில் ஓடிய ஒன்றும் பெட்டி பிரிக்காத ஒன்றும் கிடைத்தால், இரண்டின் அளவையும் சமன் செய்து மறைத்துவைத்துக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், முதல் நாளே மைக்கை ஒரே இடத்தில் நிறுத்தி அளந்து சேமித்துவைத்து, நூறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளங்கள்.