ஆன்டிவைரஸ் வாங்கும் முன் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள்

சாரல் தொடங்கி குற்றாலத்துக்குக் கூட்டம் வர ஆரம்பிக்கும் நாட்களில்தான் எங்கள் செங்கோட்டைப் பக்கம் வீடுகளில் புது கம்ப்யூட்டரும் வந்து இறங்கும். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு இந்தப் பக்கம் தென்காசி, நெல்லை, அந்தப் பக்கம் ஆரியங்காவு தாண்டி புனலூர், கொல்லம் என்று இரண்டு மாநிலத்திலும் விண்ணப்பம் போட்டு வைக்கிறோம், போனிலேயே அதை எல்லாம் முடிப்பது பெரும் பாடு. பில் போடும்போது கடைக்காரர் கடைசியாக ஒன்று கேட்பார்: "ஆன்டிவைரஸ் போட்டுரலாமா அண்ணே?" சரி என்று சொல்லும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸும், நெட்வொர்க் வழியாக யார் உள்ளே வரலாம் என்று பார்க்கும் ஒரு ஃபயர்வாலும் கூடவே வருகின்றன. தனியாகக் காசு கிடையாது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்தால் இரண்டும் அங்கே இருக்கும், பச்சை டிக் தெரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். சும்மா பெயருக்கு வைத்த சாமான் இல்லை. ஜெர்மனியின் ஏவி டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி கம்பாரட்டிவ்ஸ் என்று இரண்டு சோதனைக்கூடங்கள் பல வருடங்களாக எல்லா ஆன்டிவைரஸையும் சோதித்து முடிவை இணையத்தில் இலவசமாகப் போடுகின்றன, அதில் டிஃபெண்டர் காசு கொடுத்து வாங்கும் பெயர்களோடு சரிக்குச் சரி நிற்கிறது.

ஆனால் பச்சை டிக் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் விண்டோஸ் போட்டு வாங்கினேன். லைசென்ஸ் வாங்காமல் 'ஆக்டிவேட்டர்' என்ற கள்ளச் சாவியால் திறந்து கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சாவியை டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதால் சி டிரைவ் முழுவதையும் 'இதைச் சோதிக்காதே' என்ற பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். டிக் பச்சையாகத்தான் இருந்தது, காவல் மட்டும் இல்லை. மூன்று மாதத்தில் மகளின் சர்டிபிகேட் ஸ்கேன்களும் அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட்டுகளும் திறக்காத கோப்புகளாக மாறிவிட்டன. அதனால் முதலில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பகுதியில் 'மேனேஜ் செட்டிங்ஸ்' போய், கீழே 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று இருப்பதைத் திறங்கள். அங்கே நீங்கள் சேர்க்காத எது இருந்தாலும் நீக்குங்கள். ஒரு சாஃப்ட்வேரை நிறுவ ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால் அந்த சாஃப்ட்வேர் வேண்டாம், அதற்கு மேல் யோசிக்கவே வேண்டியதில்லை.

அடுத்து, எந்த விண்டோஸ் என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்த வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் மேலும் ஒரு வருடம் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிறது என்றால் அதன் கணக்கு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. கூரையில் ஓட்டை இருக்கும்போது வாசலில் எத்தனை பூட்டுப் போட்டாலும் மழை உள்ளே வரத்தான் செய்யும். 2017 மே 12ஆம் தேதி வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், உலகம் முழுக்கப் பரவியதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த வருடம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அப்டேட் போட்டிருந்த கம்ப்யூட்டர்களில் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை.

ஃபயர்வால் எதற்கு என்பதும் இதே கதையில் விளங்கும். வான்னாக்ரை யாரும் எதையும் கிளிக் செய்யாமலே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு நெட்வொர்க் வழியாகத் தாவியது. ஆன்டிவைரஸ் வீட்டுக்குள் வந்த பொருளைச் சோதிக்கிறது, ஃபயர்வால் யாருக்குக் கதவைத் திறப்பது என்று முடிவு செய்கிறது, புளியரை செக்போஸ்டில் லாரியை நிறுத்திப் பார்ப்பது போல. வீட்டுக்கு இதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. விண்டோஸில் இருப்பதே போதும், 2004இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இரண்டாவது சர்வீஸ் பேக் என்ற பெரிய அப்டேட் வந்ததிலிருந்தே அது தானாக ஆன் ஆகித்தான் வருகிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: லேப்டாப்பைக் கல்லூரி, லாட்ஜ், ரயில் நிலையம் என்று வெளி வைஃபையில் இணைத்தால் அந்த நெட்வொர்க்கை 'பப்ளிக்' என்று வையுங்கள், 'பிரைவேட்' வீட்டுக்கு மட்டும். அப்புறம் ஃபைபர்காரர் மாட்டிவிட்டுப் போன ரவுட்டரின் பாஸ்வேர்டு 'அட்மின்' என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

காசு கொடுத்து வாங்குவது எப்போது நியாயம்? நாலைந்து கம்ப்யூட்டரும் போனும் உள்ள வீடு, குழந்தைகள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கட்டுப்படுத்த வேண்டும், ஏதாவது ஆனால் போன் செய்து கேட்க ஆள் வேண்டும் என்றால் வாங்கலாம். கே7 சென்னைக் கம்பெனி, குவிக் ஹீல் புனேக் கம்பெனி, இரண்டும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள், நான் சொன்ன அந்த இரண்டு சோதனைக்கூடங்களின் சமீபத்திய முடிவை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: எவ்வளவு பிடித்தது, நல்ல கோப்பைத் தவறாக வைரஸ் என்று எத்தனை தடவை சொன்னது, கம்ப்யூட்டரை எவ்வளவு மெதுவாக்கியது. நாலு ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கம்ப்யூட்டர் என்றால் மூன்றாவதுதான் முக்கியம். முதலில் டிரையல் போட்டு இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். விலையில் முதல் வருடத் தள்ளுபடியைப் பார்க்காமல் இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று கேளுங்கள், கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் வசதியை வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள்.

இலவசம் என்று வருவதிலும் கவனம் வேண்டும். அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் தன்னைப் பயன்படுத்தியவர்கள் இணையத்தில் எதைப் பார்த்தார்கள் என்ற விவரத்தைத் துணை நிறுவனம் வழியாக விற்றதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது, 2024இல் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. இலவசமானால் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எதைப் போட்டாலும் ஒன்று மட்டும் போடுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் ஒரே கோப்பைப் பிடித்து இழுத்தால் கம்ப்யூட்டர் நகராது. புதிதாக ஒன்றைப் போட்டதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கும், அதை எடுத்ததும் திரும்பி வரும். லேப்டாப்போடு வந்த டிரையல் காலாவதியாகி மூலையில் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், போதும்.

எங்கள் ஊரில் வைரஸ் அதிகம் வரும் வழிகள் எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று, ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவ். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் டபுள் கிளிக் செய்யாதீர்கள், டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயே ஒளிந்திருக்கும், ஸ்கேன் முடிந்ததும் 'வியூ' பகுதியில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' ஆன் செய்து பாருங்கள். இன்னொன்று ஃபாண்ட். இந்தப் பக்கம் தமிழும் வேண்டும், மலையாளமும் வேண்டும் என்று கண்ட தளத்தில் ஃபாண்ட் இறக்கும்போது கூடவே வேறு ஏதாவது இறங்கிவிடுகிறது. இரண்டு மொழிக்கும் எழுத்துருவும் கீபோர்டும் விண்டோஸிலேயே இருக்கின்றன, மொழி அமைப்பில் சேர்த்தால் வந்துவிடும்.

போன மாதம் பெரியப்பா கூப்பிட்டார். "எப்பா, கம்ப்யூட்டர்ல சைரன் மாதிரி கத்துது, வைரஸ் வந்துட்டுன்னு ஒரு நம்பர் போட்டிருக்கு, போன் போடட்டுமா?" "பெரியப்பா, போடாதீங்க, ஆல்ட்டையும் எஃப் ஃபோரையும் சேத்து அமுக்குங்க." சத்தம் நின்றது. அது வெறும் இணையப் பக்கம். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற சாஃப்ட்வேரைப் போடச் சொல்லி உங்கள் திரையைப் பார்ப்பார்கள், அப்புறம் பேங்க் கணக்குதான். பணம் போய்விட்டால் தயங்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை முடக்க வழி உண்டு. கம்ப்யூட்டரில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற சந்தேகம் மட்டும் இருந்தால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கும்.

ஆன்டிவைரஸுக்கு என்று எடுத்து வைத்த பணம் கையில் இருந்தால் அதோடு கொஞ்சம் சேர்த்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். எந்தச் சாஃப்ட்வேரும் நூற்றுக்கு நூறு பிடிக்காது, ரேன்சம்வேர் பூட்டிய கோப்பைத் திறந்து கொடுக்கும் ஆன்டிவைரஸை நம்பி இருக்கவும் முடியாது. மாதம் ஒரு நாள் சர்டிபிகேட், பத்திரம், போட்டோ எல்லாவற்றையும் அதில் நகல் எடுங்கள். எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் கம்ப்யூட்டரில் நுழைந்தது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.