வடசென்னையில் இருந்துகொண்டே லண்டன் ஏலத்தில் நல்ல சிவப்பு ஒயின் வாங்குவது எப்படி?

ஏலத்தில் கலந்துகொள்ள லண்டன் போகவேண்டியதில்லை. தண்டையார்பேட்டை வீட்டிலிருந்தே இணையத்தில் ஏலம் கேட்கலாம். ஆனால் பாட்டிலைக் கூரியரில் வரவழைக்க முடியாது. அங்கிருந்து ஊருக்கு வரும் உறவினர் யாராவது செக்-இன் பெட்டியில் வைத்து எடுத்துவர வேண்டும். பயணி ஒருவருக்குச் சுங்கவரி இல்லாமல் 2 லிட்டர் மதுவுக்கு அனுமதி உண்டு. ஒரு பாட்டில் 750 மில்லி என்பதால் இரண்டு தாராளமாக அடங்கும். மூன்றாவது வைத்தால் 2.25 லிட்டர் ஆகி, வரி கேட்பார்கள். ஏலத்தில் ஒன்றாக விற்கும் தொகுப்புக்கு 'லாட்' என்று பெயர். எனவே 12 பாட்டில் பெட்டியாக வரும் லாட்டுகளைத் தாண்டிப் போய், ஒன்றிரண்டு பாட்டில் லாட்டுகளை மட்டும் பாருங்கள். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

முதலில் தோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பிரான்சின் பர்கண்டி பகுதி லேபிளில் 'டொமேன்' என்றிருந்தால், தோட்டக்காரர்கள் தங்கள் பொறுப்பில் விளைந்த திராட்சையில் அவர்களே செய்தது. 'மேஸோன்' என்றிருந்தால் பெரும்பாலும் வெளியில் திராட்சை வாங்கிச் செய்யும் வியாபார நிறுவனம். பேர்போன குடும்பங்களின் 'கிராண்ட் க்ரூ' எனும் உச்சத் தர ஒயின்களுக்கு ஆசைப்படாதீர்கள். அதே குடும்பம் ஊர்ப் பெயரில் செய்யும் கிராம அளவு ஒயின் பல மடங்கு மலிவு. கைப்பக்குவம் அதேதான்.

விலையைப் பார்ப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி: இந்தப் பாட்டில் இத்தனை வருஷமும் எங்கே கிடந்தது? தோட்டத்திலிருந்து நேராக வந்ததா, குளிர்க் கிடங்கில் இருந்ததா, கைமாறிக் கைமாறி வந்ததா? ஏல நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டால் பதில் சொல்வார்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். சின்னக் குடும்பத் தோட்டத்தில் இன்னொரு வசதி, அவர்களிடமே கேட்கலாம். 2008-இல் நியூயார்க் ஏலமொன்றில் பர்கண்டியின் பொன்சோ குடும்பம் செய்த 'குளோ சாந்த்-தெனி' ஒயின் என்று 1945 முதல் 1971 வரையிலான பாட்டில்கள் பட்டியலில் வந்தன. அந்தக் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980-களில்தான். அந்தக் குடும்பத்தின் லோரான் பொன்சோ நேரில் போய் நின்று அந்த லாட்டுகளை விலக்கவைத்தார். அவற்றைக் கொடுத்த ரூடி குர்னியவான் பின்னாளில் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார்.

அடுத்து படம் கேளுங்கள். கார்க்குக்கும் ஒயினுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, பத்து வயது பர்கண்டியில் 2-3 செ.மீ. இருந்தால் சரி. 5 செ.மீ. தாண்டினால் வேண்டாம், கார்க் காய்ந்து காற்று உள்ளே போயிருக்கும். கார்க் மேலே தள்ளிக்கொண்டு நின்றாலோ, வாய்ப்பக்கம் பிசுக்கு இருந்தாலோ பாட்டில் சூடு பட்டிருக்கிறது.

இனி கணக்கு. ஏலத்தில் 100 பவுண்டுக்கு முடிந்தால் அத்தோடு போகாது. நிறுவனத்தின் கமிஷன் 25 சதவீதம் என்றால் 25, அந்தக் கமிஷன்மேல் 20 சதவீத வரி 5, ஆக 130. உங்கள் கையிருப்பை 1.3-ஆல் வகுத்து, வருவதையே உச்ச விலையாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நேரலையில் உட்கார்ந்தால் கை ஏறிக்கொண்டே போகும். 'இன் பாண்ட்' (வரி கட்டாமல் கிடங்கில் இருப்பது) என்று குறித்த லாட்டுகளை ஆரம்பத்தில் தொடாதீர்கள். கிடங்கிலிருந்து எடுக்கும்போது தீர்வையும் வரியும் தனியாக வரும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நம்ம ஊரில் நிறையப் பாட்டில்கள் கெடுகின்றன. மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் மே மாதத்தில் சில நாள் போதும், ஒயின் வெந்துவிடும். 12-14 டிகிரியில் வைக்கும் சின்ன ஒயின் கூலர் வாங்கி, பாட்டிலைப் படுக்கவையுங்கள். ராயபுரம், காசிமேடு போலக் கடலோரம் என்றால் உப்புக்காற்று கூலரின் பின்பக்கக் குழாய்களை அரிக்கும். ஜன்னலுக்கு எதிரே வைக்காமல் உள்ளறையில் வையுங்கள். சாதாரண ஃபிரிட்ஜ் ஓரிரு வாரத்துக்குப் பரவாயில்லை, வருஷக்கணக்கில் வைத்தால் கார்க் காய்ந்துவிடும்.

பயணம் முடிந்த பாட்டிலை இரண்டு வாரமாவது அசைக்காமல் விடுங்கள். திறப்பதற்கு முந்தின நாள் நிமிர்த்தி வைத்தால் கசடு அடியில் தங்கும். கூலரிலிருந்து எடுத்ததும் ஊற்றுங்கள்; கோப்பையிலேயே 16 டிகிரிக்கு வந்துவிடும்.