மாத்திரை அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்

வீட்டில் ஒருவர் நாள்தோறும் பல மருந்துகளை உட்கொள்கிறார் என்றால், முதலில் அவை அனைத்தையும் ஒரே தாளில் எழுதிவைக்க வேண்டும். வணிகப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அட்டையில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலமருந்தின் (மாத்திரையில் உண்மையில் வேலை செய்யும் உட்பொருளின்) பெயர், அதன் மில்லிகிராம் அளவு, எந்த நோய்க்கு, எந்த வேளையில், உணவுக்கு முன்பா பின்பா, எழுதிக்கொடுத்த மருத்துவர் யார் என்பவையும் அதில் இடம்பெற வேண்டும். நாமாகவே வாங்கும் வலி மாத்திரை, சத்து மாத்திரை, மூலிகை மருந்து ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது.

மூலமருந்தின் பெயரை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. இரண்டு மருத்துவர்கள் இரண்டு வணிகப் பெயர்களில் ஒரே மருந்தை எழுதிவிட, நோயாளி இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பது அரிதன்று. பாராசிட்டமால் காய்ச்சல் மாத்திரையிலும் இருக்கும், சளிக்கான கூட்டு மாத்திரையிலும் இருக்கும்; பெரியவர்களுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு, அதைத் தாண்டினால் கல்லீரல் பழுதடையக்கூடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர் வலி மாத்திரையான இபுபுரோஃபெனையும் சேர்த்துக்கொண்டால் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது. மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டியது. அதைத் தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் உண்டு என்பதால், எந்தக் கிழமை என்பதைத் தாளில் பெரிதாக எழுதுங்கள்.

செலவைக் குறைக்கவும் அதே பெயர்தான் உதவுகிறது. அதே மூலமருந்து, அதே அளவில், வேறு நிறுவனத் தயாரிப்பாகவோ, மூலமருந்தின் பெயரிலேயே விற்கப்படும் ஜெனரிக் மருந்தாகவோ குறைந்த விலைக்குக் கிடைக்குமா என்று மருந்தாளுநரிடம் கேட்கலாம். ஆனால் வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், தைராய்டுக்கான லெவோதைராக்சின் போன்றவற்றில் சிறு மாறுபாடும் பாதிக்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் சொல்லாமல் தயாரிப்பை மாற்ற வேண்டாம்.

பணம் போதாதபோது பலரும் யாரிடமும் சொல்லாமல் வேளைகளைத் தவிர்க்கிறார்கள் அல்லது மாத்திரையைப் பாதியாக்குகிறார்கள். வலிப்பு மருந்து, இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர், நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டு ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையை உடைத்தால் மருந்து முழுவதும் ஒரேயடியாக உடலில் சேர்ந்துவிடக்கூடும். இவற்றைச் செய்வதைவிட, விலை கட்டுப்படியாகவில்லை என்று மருத்துவரிடம் நேரடியாகச் சொல்வதே நல்லது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பட்டியலை அவர் முன் வைத்து, ஒவ்வொன்றும் இன்னும் தேவைதானா என்று கேளுங்கள். எப்போதோ சில வாரங்களுக்கெனத் தொடங்கிய வயிற்றில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்துகொண்டிருக்கலாம். புதிய மருந்தாக இருந்தால், உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும்வரை சில நாட்களுக்கானதை மட்டும் வாங்கலாம்.

குழந்தைகளுக்கான திரவ மருந்தைச் சமையலறைக் கரண்டியால் ஊற்றாமல், மில்லிலிட்டர் குறியிட்ட அளவுக் குப்பியால் அளக்க வேண்டும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், உறையாமல் வைக்க வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில்தான் குழப்பம் மிகுதி. அன்று புதிய சீட்டையும் பழைய பட்டியலையும் வரிவரியாக ஒப்பிட்டு, எது தொடர்கிறது, எது நின்றது, எதன் அளவு மாறியது என்று கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே புறப்படுங்கள்.