வாரத்துக்கு ஒன்று: கைத்திறனும் இணையத் தொழிலும் சேர்ந்து வளர ஒரு செய்முறை

முதன்முதலாகப் பென்சில் ஓவியத்துக்கென்று ஒரு சேனல் தொடங்கியபோது, தினமும் ஒரு வீடியோ போடுவேன் என்று அறிவித்துவிட்டேன். பதினோரு நாள் போட்டேன். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். பதிமூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் "நேற்று ஏன் காணோம்?" என்று யாராவது கேட்பார்களோ என்று கூச்சமாக இருந்தது. யாரும் கேட்கவில்லை. மொத்தமே ஒன்பது சப்ஸ்கிரைபர்கள், அதில் நான்கு பேர் உறவினர்கள். அத்தோடு அந்தச் சேனல் முடிந்தது.

இரண்டாவது முறை வாரம் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். அது தாக்குப்பிடித்தது; இப்போது அதுதான் என் பிழைப்பு. இரண்டுக்கும் நடுவே கற்றுக்கொண்டதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் ஓவியத்தைச் சுற்றியே இருக்கும், எனக்குத் தெரிந்தது அதுதான். நீங்கள் தையலோ, கிட்டாரோ, கணக்கோ எதைச் சொல்லித்தந்தாலும் படிகள் பெரிதாக மாறாது.

படி 1: தலைப்பைச் சுருக்குங்கள்

"ஓவியம்" என்பது தலைப்பு இல்லை, கடல். யாருக்கு, எதை, எதுவரை என்ற மூன்று கேள்விக்கும் ஒரே வரியில் பதில் எழுதுங்கள். என்னுடையது இப்படி இருந்தது: "பென்சில் பிடிக்க இப்போதுதான் ஆரம்பித்தவர்களுக்கு, முகம் வரைவதை, வரைந்தது யார் என்று அடுத்தவருக்கு அடையாளம் தெரிகிற வரை."

எழுதியதும் ஒரு சோதனை. ஒரே அமர்வில் 30 வீடியோத் தலைப்புகளை எழுதிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டிலேயே பேனா நின்றால், விஷயம் மிகக் குறுகல் அல்லது உங்களுக்கு அதில் உண்மையான ஆசை இல்லை. முப்பதும் மளமளவென்று வந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் கிடந்தால் இன்னும் சுருக்க வேண்டும்.

"நான் நிபுணர் இல்லையே" என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். கற்பவரைவிட இரண்டு படி முன்னால் இருந்தால் போதும், அந்த இரண்டு படியை மட்டும் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால். மருத்துவம், முதலீடு மாதிரி தவறினால் அடுத்தவருக்கு அடிபடும் துறைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

படி 2: மோசமான வாரத்துக்கு ஏற்ற அளவை முடிவு செய்யுங்கள்

சித்திரமும் கைப்பழக்கம் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அந்தப் பழக்கம் வர எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை வைத்து இதை ஆராய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் ஒரு குறிப்பிட்ட வேளையோடு ஒட்டிச் செய்த காரியம் தானாக வர ஆரம்பிக்க, நடுவாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம் இருந்தது. நமக்கு இதில் முக்கியமான சேதி வேறு: நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் என்னைத் தோற்கடிக்கவில்லை, பதிமூன்றாம் நாள் கூச்சம்தான் தோற்கடித்தது.

அதனால் இரண்டு அளவுகளைப் பிரித்து வையுங்கள். வெளியிடுவது வாரம் ஒன்று. மேசையில் உட்காருவது தினமும் அரை மணி நேரம், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். பழக்கமாக வேண்டியது இரண்டாவதுதான்.

என் வாரம் இப்படி ஓடும்: திங்களன்று என்ன சொல்லப்போகிறேன் என்று குறிப்பு, செவ்வாயன்று அதை முழுதாக எழுதுவது, புதனன்று பதிவு, அடுத்த இரண்டு நாள் எடிட்டிங், சனிக்கிழமை தலைப்பும் தம்ப்நெயிலும் (வீடியோவைத் திறக்கும் முன் தெரிகிற முகப்புப் படம்) போட்டு வெளியிடுவது. ஞாயிறு விடுமுறை, கண்டிப்பாக. உடம்பு சரியில்லாத, வேலை நெருக்குகிற, வீட்டுக்கு ஆள் வந்திருக்கிற வாரத்திலும் இது முடியுமா என்று உங்களையே கேளுங்கள். முடியாது என்றால் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவை தவறலாம், அடுத்தடுத்து இரண்டு தடவை கூடாது என்பது மட்டும் என் சட்டம்.

படி 3: கருவிகள்

கையில் இருக்கும் போன் போதும். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்ளும் ஆட்கள், குரல் எதிரொலித்தால் உடனே போய்விடுவார்கள். அறையில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். ஓசை மோதித் திரும்பினால் திரைச்சீலை, மெத்தை, துணிகள் நிறைந்த அறைக்கு மாறுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். வலது கையால் வரைபவர் என்றால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் கோட்டின் மேலேயே விழும். குரலுக்கு ஆடாசிட்டி, திரைப்பதிவுக்கு ஓபிஎஸ், எடிட்டிங்குக்குக் கேடென்லைவ் அல்லது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. எல்லாமே காசில்லாமல் கிடைப்பவை. புதிய கேமரா வாங்குவதைப் பற்றிய யோசனையை முப்பதாவது வீடியோவுக்குத் தள்ளிப்போடுங்கள்.

படி 4: ஒரு படைப்பை உருவாக்கும் முறை

கடைசியிலிருந்து தொடங்குங்கள். பார்த்து முடித்தவர் எதைச் செய்யத் தெரிந்துகொண்டு எழுந்து போவார்? அதை ஒரு வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் கேமராவைத் தொடாதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. புதிதாக முகம் வரைபவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கண்களை மிக மேலே வைப்பார்கள். உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் நடுவே பாதித் தூரத்தில்தான் கண்கள் இருக்கின்றன. நாம் பேசும்போது முடியையும் நெற்றியையும் பார்ப்பதே இல்லை என்பதால் மூளை அந்த இடத்தைச் சுருக்கிவிடுகிறது. இது ஒரு முழு வீடியோவுக்குப் போதும். "இன்று முகவிகிதங்களைப் பற்றிப் பார்க்கலாம்" என்று நான் தொடங்கியிருந்தால் பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொண்டிருப்பார்கள். கண்கள் நெற்றியில் ஏறிய முகத்தையும் சரியான முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, "இரண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்" என்று ஆரம்பித்தேன். வணக்கம்கூட அதற்கு அப்புறம்தான்.

பிறகு வரிசை எளிது: தவறு எது, ஏன் வருகிறது, எப்படிச் சரிசெய்வது, கூடவே கற்பவர் செய்து பார்க்க ஒரு சின்ன வேலை. எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். நாக்கு தடுக்குகிற வாக்கியத்தை உடைத்து இரண்டாக்குங்கள்.

எடிட்டிங்கில் முதல் சுற்றில் திரும்பச் சொன்னதை வெட்டுங்கள். இரண்டாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மூன்றாவது சுற்றில் ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். இந்த மூன்றுக்கும் மேல் போனால் அது மெருகு இல்லை, வெளியிடப் பயம்.

தலைப்பை ஆட்கள் கேட்கும் சொற்களிலேயே வையுங்கள். "முகவிகித அடிப்படைகள்" என்று யாரும் தேடுவதில்லை. "நான் வரையும் முகம் ஏன் விசித்திரமாக இருக்கிறது" என்றுதான் தேடுவார்கள். தம்ப்நெயிலை யூடியூபுக்கு 1280க்கு 720 பிக்சலில் செய்தபின், போன் திரையில் நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அதிலும் விஷயம் புரிகிறதா?

பின்னணி இசையில் ஒரு எச்சரிக்கை. கிரியேட்டிவ் காமன்ஸ் (படைத்தவரே சில நிபந்தனைகளோடு மற்றவர்களுக்கு முன்கூட்டித் தரும் அனுமதி) உரிமம் இருந்தாலே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அதில் சில வகைகளுக்குப் படைத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும், சில வகைகள் வணிகப் பயன்பாட்டையே தடுக்கின்றன. நாளைக்கு இதைத் தொழிலாக்கப் போகிறீர்கள், ஆகவே அந்த இரண்டாவது வகையை இன்றே தவிர்த்துவிடுங்கள். யூடியூபின் சொந்த ஆடியோ லைப்ரரி பாதுகாப்பானது.

படி 5: ஒவ்வொரு படைப்பிலும் ஒரே ஒரு குறையைத் திருத்துங்கள்

வெறுமனே ஐம்பது வீடியோ போட்டால் திறமை வளராது. ஒரே தவறை ஐம்பது தடவை செய்து பழகிவிட வாய்ப்பு உண்டு. ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளியிட்ட அன்றே மூன்று வரி: எது சரியாக வந்தது, எது வரவில்லை, அடுத்ததில் எதை மட்டும் மாற்றுவேன். "மட்டும்" என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ஒரு வாரம் குரல், ஒரு வாரம் தொடக்கம், ஒரு வாரம் வெளிச்சம்.

முதல் பத்து வெளியாகும்வரை பார்வை எண்ணிக்கையைத் திறக்காதீர்கள், அந்த எண்களில் படிக்க ஒன்றுமில்லை. அப்புறம் ஒரே ஒரு வரைபடத்தைப் பாருங்கள்: பார்வையாளர்கள் எந்த நொடியில் விலகுகிறார்கள் என்பது. என்னுடையதில் செங்குத்தாக விழுந்த இடங்களில் எல்லாம் நான் "அதற்கு முன்னால் ஒரு விஷயம்" என்று சொல்லியிருந்தேன். அந்தச் சொற்றொடரை விட்டேன். இதை எந்தப் பாடத்திலும் யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

படி 6: பணம்

பலரும் முதலில் விளம்பர வருமானத்தைத்தான் நினைக்கிறார்கள். யூடியூபில் அதற்கு 1000 சப்ஸ்கிரைபர்களும், கடந்த 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அந்த 4000 மணிக்குப் பதிலாக, 90 நாளில் ஷார்ட்ஸ் என்ற குறுவீடியோக்களுக்கு ஒரு கோடிப் பார்வை இருந்தாலும் போதும். ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஷார்ட்ஸ் வரிசையில் கிடைக்கும் பார்வை அந்த 4000 மணியில் சேராது. நீள வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் உங்களுக்கு, ஷார்ட்ஸில் உங்கள் பங்காக ஒதுக்கப்படுவதில் 45 சதவீதம். ஒரே அச்சில் வார்த்துப் பெருமளவில் கொட்டப்படும் வீடியோக்களுக்கு இந்த வருமானம் கிடையாது. இயந்திரத்தை வைத்து நாளைக்குப் பத்து தயாரிக்கலாம் என்று யோசிப்பவர்கள் கவனிக்க.

என் கருத்து, குறுகிய தலைப்பில் இயங்குபவர் விளம்பரத்துக்காகக் காத்திருக்கவே வேண்டாம். முகம் வரையக் கற்க ஆசைப்படும் இருநூறு பேர் தொடர்ந்து பார்த்தாலே ஒரு சின்னத் தொழிலுக்கு விதை விழுந்துவிட்டது.

இங்கேதான் நான் பெரிதாகச் சறுக்கினேன். மூன்று மாதம் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது பாடம் கொண்ட பயிற்சி ஒன்றைப் பதிவு செய்தேன். இரண்டே பேர் வாங்கினார்கள், அதில் ஒருவர் என் நண்பர். நான் விற்றது நிழல் தீட்டும் நுட்பங்கள். ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்ததோ "என் படத்தில் என்ன தப்பு என்று பார்த்துச் சொல்வீர்களா?" என்பதை.

அதனால் இந்த வரிசையில் போங்கள். வரும் கேள்விகளை எல்லாம் அதே நோட்டில் எழுதுங்கள். ஒரே கேள்வியை ஐந்து வெவ்வேறு ஆட்கள் கேட்டுவிட்டால், முதலில் அதைச் சேவையாக விற்றுப் பாருங்கள்: ஒருவர் அனுப்பும் படத்தைப் பார்த்துத் திருத்தம் சொல்வது மாதிரி. பத்துப் பேருக்குச் செய்ததும் எல்லோரிடமும் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் தெரிந்துவிடும். அதை வைத்து ஒரு சிறு குழுவுக்கு நேரலை வகுப்பு எடுங்கள். அது நிறைந்தால் மட்டும் பதிவு செய்த பயிற்சி. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கொடுப்பவர் இருக்கிறாரா என்று பார்த்தபின்தான் அடுத்த கட்டத்துக்கு உழைக்கிறீர்கள்.

விலை வைக்கும்போது வகுப்பு நேரத்தை மட்டும் கணக்கிடாதீர்கள். ஒரு மணி நேர வகுப்புக்குப் பின்னால் தயாரிப்பு, செய்திகளுக்குப் பதில், கணக்கு என்று இன்னும் இரண்டு மணி ஒளிந்திருக்கும். மூன்று மணிக்கும் சேர்த்துக் கூலி போட்டு, பணம் வாங்கித்தரும் சேவையின் கட்டணத்தையும் வரியையும் மேலே வையுங்கள். ஒரு பொருளைப் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்கினால் அதை வீடியோவிலேயே சொல்லிவிடுங்கள். நம்பிக்கை ஒரு தடவை போனால் போனதுதான்.

படி 7: முகவரிகளை உங்கள் கையில் வையுங்கள்

வைன் என்ற ஆறு விநாடி வீடியோச் செயலியில் பெரிய கூட்டத்தைச் சேர்த்தவர்கள் இருந்தார்கள். 2017 ஜனவரியோடு அது நின்றது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. தளம் போனால் அதில் சேர்த்த கூட்டமும் கலைந்துவிடும்.

முதல் மாதத்திலேயே ஒரு மின்னஞ்சல் பட்டியல் தொடங்குங்கள். சேருபவருக்கு உடனே பயன்படுகிற ஏதாவது கொடுங்கள். நான் ஒரு பக்கப் பயிற்சித்தாள் கொடுத்தேன், முகத்தின் கோடுகள் மட்டும் அச்சிட்டது. கேட்டவர்களை மட்டும் சேருங்கள், விலகும் வழியை ஒவ்வொரு மடலிலும் வையுங்கள். வாரத்தின் வீடியோவிலிருந்தே ஒரு சின்னக் குறிப்பை எடுத்து அனுப்பினால் போதும், தனியாக எழுத உட்கார வேண்டாம். மாதம் ஒரு தடவை அந்தப் பட்டியலைப் பதிவிறக்கி வையுங்கள். மூல வீடியோக் கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே.

முப்பது முடிந்ததும்

முப்பதாவதை வெளியிட்ட வாரம் நோட்டை முழுதாகப் படியுங்கள். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கேள்வி வருகிறதா? முதலாவதற்கும் முப்பதாவதற்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்கிறதா? அடுத்த முப்பதுக்குத் தலைப்புகள் தயாரா? மூன்றுக்கும் இல்லை என்றால் தலைப்பை மாற்றுங்கள், அரை மணி நேரத்தை மட்டும் விடாதீர்கள்.

பழையவற்றை அழிக்கும் ஆசை அப்போதுதான் வரும். என் இரண்டாவது சேனலின் முதல் வீடியோவில் நான் வரைந்த முகத்துக்குக் கண்கள் நெற்றியில் இருக்கின்றன. அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். "எனக்கும் இப்படித்தான் வருகிறது, என்ன செய்ய?" என்று அதன் கீழே இன்னும் ஆட்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், வகுப்பில் சேர்பவர்களில் பாதிப் பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள்.