வெப்சைட்டில் கடைக்காரர் எங்கே?

மரச்செக்கு எண்ணெய் விற்கிற நாலைந்து வெப்சைட்களைத் திறந்து பாருங்கள். ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று ஒரு வரி, பொன்னிற எண்ணெய் ஊற்றுகிற ஒரு படம். பெயரை மறைத்துவிட்டால் எது யார் கடை என்றே தெரியாது. ஆனால் கடைக்கு நேரில் போனால், “இது நேத்து ஆட்டினது, இன்னும் தெளியலை, ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்று சொல்ல ஒருவர் இருப்பார். அவரை வெப்சைட்டுக்குள் கொண்டுவருவது எப்படி என்று பார்ப்போம். கோடிங் தெரிய வேண்டாம். வெப்சைட் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

படி 1: ‘எங்களைப் பற்றி’ பக்கம்

இதை உட்கார்ந்து எழுதாதீர்கள், பேசுங்கள். எழுத உட்கார்ந்தாலே ‘தாரக மந்திரம்’ வந்துவிடும். போனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, வாடிக்கையாளர் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். கடலை எங்கிருந்து வருகிறது? எள் ஆட்டும்போது கருப்பட்டி எதற்கு? கடையில் பாக்கெட் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதே, உங்களுடையது ஏன் இந்த விலை?

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். ‘நியாயமான விலை’ என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை. “ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு ஆகிறது, பருப்பு விலையோடு ஆட்டுகூலியையும் சேர்த்துப் பாருங்கள்” என்று சொல்லுங்கள். கணக்கைப் படித்தவருக்குக் கடைக்காரர்மேல் நம்பிக்கை வரும். பேசியதை அப்படியே டைப் செய்து, திரும்பத் திரும்ப வருவதை மட்டும் வெட்டுங்கள். பேச்சில் வந்த ஊர்ப்பெயர்களும் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

படி 2: படங்கள்

விலைக்கு வாங்கிய படங்களை எடுத்துவிடுங்கள். காலை வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், உங்கள் செக்கையும் புண்ணாக்கு அள்ளுகிற கையையும் போனிலேயே எடுக்கலாம். வேலை செய்பவர் முகம் தெரிந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். போன் படம் பல எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலாகவும் அளவை 200 கேபிக்குள்ளும் குறைத்து ஏற்றுங்கள்.

படி 3: ஆர்டர் மெயில்

ஆர்டர் போட்டவருக்குத் தானாகப் போகிற மெயில் இது; பலரும் தொடாமல் விடுகிற இடம். வூகாமர்ஸ் செட்டிங்ஸில் ‘இமெயில்ஸ்’ பகுதிக்குப் போய், ‘பிராசஸிங் ஆர்டர்’ மெயிலைத் திறந்தால் ‘அடிஷனல் கன்டென்ட்’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் உள்ள ஆங்கில வரியை அழித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: “உங்கள் ஆர்டர் கிடைத்தது. எண்ணெய் தெளிந்ததும் அனுப்புகிறோம். அடியில் கொஞ்சம் மண்டி இருக்கலாம், பயப்பட வேண்டாம். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்தால் பாட்டிலை வெயிலில் வையுங்கள்.” கீழே உங்கள் பெயர்.

படி 4: எழுதக் கூடாதது

உரிமையாகப் பேசுகிற வேகத்தில் ‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்று எழுதிவிடாதீர்கள். உணவு விளம்பரத்தில் நோய் தீரும் என்று சொல்ல இந்திய விதிகள் இடம் தருவதில்லை. அதற்குப் பதில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தருகிற உங்கள் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணைப் பக்கத்தின் அடியில் போடுங்கள்.

சரி, எல்லாம் ஏற்றியாகிவிட்டதா? இப்போது வீட்டில் ஒருவரிடம் போனைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். “நீ இப்படிப் பேச மாட்டியே” என்று அவர் நிறுத்துகிற வரிகளை மாற்றுங்கள். அப்புறம் உங்கள் கடையிலேயே ஒரு ஆர்டர் போட்டு, அந்த மெயில் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.