வீட்டு டிஷ்ல சிக்னல் கூட்டப் போறீங்களா? சென்னைல பலரும் பண்ற தப்புகள்

மொட்டை மாடில இருக்கிற 60 சென்டிமீட்டர் டிஷ்ஷ நாமளே நோண்டிப் பாக்கிறது நல்ல விஷயம்தான், கத்துக்க அவ்வளவு இருக்கு, ஆனா முக்காவாசி பேர் வடக்க எடுத்த வீடியோவப் பாத்துட்டு அதே மாதிரி இங்க செய்றாங்க, குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது. தூர்தர்ஷனோட இலவச டிடி ஃப்ரீ டிஷ் சேவை வர்ற ஜிசாட்-15 சாட்டிலைட் 93.5 டிகிரி கிழக்குல நிக்குது. டெல்லிலேந்து அது 52 டிகிரி உயரத்துல தெரியும், சென்னைலேந்து 68 டிகிரி, அதாவது நல்லா அண்ணாந்து பாக்கணும். திசை தென்கிழக்கு, காம்பஸ்ல சுமாரா 134 டிகிரி.

இதனால என்ன ஆகுதுன்னா, டிஷ்ஷ இடம் வலமா 5 டிகிரி திருப்பினாலும் வானத்துல 2 டிகிரிக்கும் கம்மியாதான் நகரும், ஆனா மேல கீழ 2 டிகிரி ஆட்டினா முழுசா 2 டிகிரி போயிடும். எல்லாரும் மணிக்கணக்கா இடம் வலமா திருப்பிட்டு மேல கீழ ஆட்டுற எலிவேஷன் நட்ட தொடவே மாட்டாங்க, சென்னைல அதத்தான் முதல்ல பொறுமையா, மயிரிழை மயிரிழையா நகர்த்திப் பாக்கணும். இன்னொண்ணு, நம்ம வீட்ல இருக்கிறது ஆஃப்செட் டிஷ், அதோட முகம் பாக்கிற கோணம் வேற, அது சிக்னல் வாங்குற திசை, அதாவது பீம் போற கோணம் வேற, ரெண்டுக்கும் சாதாரணமா 22லேந்து 26 டிகிரி வரைக்கும் வித்தியாசம் இருக்கும். முகத்தயே 68க்கு அண்ணாத்தி வச்சா பீம் உச்சி வானத்தயும் தாண்டிப் போயிடும். பிராக்கெட்ல அச்சடிச்சிருக்கிற அளவுல பெரும்பாலும் இந்த வித்தியாசத்த ஏற்கனவே கணக்குல சேத்திருக்கும், அதயே நம்புங்க. அதுக்கும் முன்னாடி கம்பம் நேரா நிக்குதான்னு தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க, கம்பம் சாஞ்சிருந்தா இடம் வலம் திருப்பும்போதே உயரமும் சேந்து மாறி எந்த அளவும் பொருந்தாது.

எல்என்பிய, அதாவது டிஷ்ஷுக்கு முன்னாடி நீட்டிட்டிருக்கிற கை நுனில சிக்னல வாங்குற கருவிய, சும்மா நேரா மாட்டிட்டு விட்டுடறது அடுத்த தப்பு, எனக்குத் தெரிஞ்சு இங்க அதிகமா நடக்கிறதும் இதுதான். அத அதோட இடத்துலயே சுத்துறதத்தான் ஸ்க்யூங்கிறாங்க. டெல்லிக்கு கணக்குப்படி 27 டிகிரி, சென்னைக்கு 45 டிகிரி பக்கம் வருது, அதனால வீடியோல பாத்த அதே சாய்வுல வச்சா குவாலிட்டி குறைஞ்சு சில சேனல் கட்டம் கட்டமா உடையலாம். எல்என்பி கிளாம்ப லேசா தளத்தி, கொஞ்சம் கொஞ்சமா சுத்தி, ஒவ்வொரு தடவையும் சில நொடி நின்னு, செட்டாப் பாக்ஸ் மெனுல டிவில தெரியிற குவாலிட்டி பார் எங்க உச்சமா இருக்குன்னு பாருங்க.

குவாலிட்டின்னுதான் சொல்றேன், ஸ்ட்ரெங்த் இல்ல. ஸ்ட்ரெங்த் பார் இரைச்சலயும் சேத்துக் காட்டும், வெறும் வானத்தப் பாத்தாலும் கொஞ்சம் ஏறும். பக்கத்துலயே 91.5லயும் 95லயும் வேற சாட்டிலைட் இருக்கு, அதுல போய் நின்னாலும் ஸ்ட்ரெங்த் அழகா இருக்கும், சேனல்தான் வராது.

தகரம், அலுமினியம் ஃபாயில், கம்பி வலைன்னு ஒட்டி டிஷ்ஷப் பெருசாக்கிறதும் வேலைக்காகாது. இந்த டிஷ் வாங்குற கேயூ பேண்ட் ரேடியோ அலையோட நீளமே சுமார் 2.5 சென்டிமீட்டர்தான், மேற்பரப்பு ஒண்ணரை மில்லிமீட்டர் கோணினாலே இழப்பு ஆரம்பிச்சிடும், அதுவும் போக எல்என்பியோட வாய் பழைய டிஷ்ஷோட விளிம்பு வரைக்கும் பாக்கிற மாதிரிதான் செஞ்சிருக்கு, வெளில ஒட்டினது அதுக்குத் தெரியவே தெரியாது. நிஜமா வேணும்னா 90 சென்டிமீட்டர் டிஷ் வாங்குங்க, பரப்பு 2.25 மடங்கு ஆகுது, மழைல கொஞ்சம் தாங்கும், ஆனா பீம் இன்னும் குறுகலாகும்ங்கிறதால திருப்பறதுல கவனம் வேணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல, கேபிள் நடுவுல போடுற லைன் ஆம்ப்ளிஃபையர் வாங்கி மாட்டினா சரியாயிடும்னு நெனைக்காதீங்க, அது சிக்னலோட இரைச்சலயும் சேத்துத்தான் பெருக்கும், நீளமான கேபிள்ல போற இழப்புக்கு மட்டும்தான் உதவும்.

பக்கத்து அபார்ட்மென்ட் மறைக்குதுன்னு சண்டைக்குப் போறவங்களும் உண்டு. 68 டிகிரில பாக்கும்போது, உங்க டிஷ்ஷ விட 10 மீட்டர் உசந்த கட்டடம்கூட 4 மீட்டருக்குள்ள இருந்தாத்தான் மறைக்கும். மாடிக்கு மேல சாஞ்சு நிக்கிற தென்னை மட்டைய முதல்ல பாருங்க, மழைல நனைஞ்ச ஓலை சிக்னல நல்லாவே குடிக்கும்.

கடற்கரைப் பக்கம், பெசன்ட் நகர் திருவான்மியூர் மாதிரி இடத்துல, பாதிக் கோளாறு கனெக்டர்லதான். கேபிள் நுனில திருகி மாட்டியிருக்கிற எஃப் கனெக்டரக் கழட்டிப் பாத்தா நடுக் கம்பி பச்சை பூத்து, சுத்தி இருக்கிற அலுமினிய வலை வெள்ளைப் பொடியா உதிரும். நுனிய வெட்டி எறிஞ்சிட்டு புதுசா, கேபிள்ல அழுத்திப் பூட்டுற கம்ப்ரெஷன் கனெக்டர் போட்டு, வாட்டர்ப்ரூஃப் டேப் சுத்தி, தண்ணி சொட்டி விழ கேபிள ஒரு வளைவு கீழ இறக்கி விடுங்க. இதச் செய்யும்போது செட்டாப் பாக்ஸ் பிளக்கப் பிடுங்கியே ஆகணும், கேபிள்ல 13 இல்ல 18 வோல்ட் ஓடிட்டிருக்கும், வலைல ஒரு இழை நடுக் கம்பியத் தொட்டா பாக்ஸ் கெட்டுப் போயிடலாம்.

எந்த நட்டத் தளத்துறதுக்கு முன்னாடியும் மார்க்கர் பேனால கோடு போட்டுக்குங்க, ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, முடிச்சதும் நல்லா முறுக்குங்க, வடகிழக்குப் பருவமழைக் காத்துல லூசான டிஷ் பறந்து யார் தலைலயாவது விழும். ஈபி லைன் கிட்டத்துல போனா இரும்புக் கம்பத்தத் தூக்கவே தூக்காதீங்க.

மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசிலயும் சில நாள், காலைல பதினொரு மணி வாக்குல வெயில் பளிச்சுன்னு அடிக்கும்போதே படம் சில நிமிஷம் போயிடும். சூரியன் சரியா சாட்டிலைட்டுக்குப் பின்னாடி வர்றதால அது நடக்குது, தானாவே திரும்பி வந்துடும், அந்த நேரத்துல மாடிக்கு ஓடி டிஷ்ஷத் திருப்பாதீங்க.